பெரியக்கா பார்த்த படம்

பெரியக்கா எந்தப் படத்தையும் கடைசியிலிருந்துதான் பார்ப்பாள். அவள் விருப்பம் அதுவல்ல, வேலை அப்படி. காட்சி முடியச் சற்று முன்பே துடைப்பமும் குப்பைப் பையுமாக வந்து பக்கவாட்டுக் கதவருகே நின்றுவிட வேண்டும். விளக்கு எரிந்ததும் கூட்டம் ஒரு பக்கம் வெளியேற, அவளும் இன்னும் இரண்டு பெண்களும் மறு பக்கம் உள்ளே புகுந்து, அடுத்த கூட்டம் வருவதற்குள் வரிசை வரிசையாகப் பெருக்கி முடித்தாக வேண்டும். அதனால் கொலைகாரன் யார் என்று அவளுக்குத் தெரியும். செத்தது யார் என்று தெரியாது. யார் யாரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று தெரியும், எதற்கென்று தெரியாது. யாராவது கதை சொல்ல வந்தால், "முடிவு தெரிஞ்சாச்சு, மிச்சத்தை நானே போட்டுக்கறேன், நீ ஆளை விடு" என்பாள்.

தியேட்டரில் எல்லோருக்கும் அவள் பெரியக்காதான். அவளைவிட வயதில் மூத்த மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுவார். கல்யாணம் ஆகிச் சில வருடம் ஒரு கொத்தனாரோடு குடித்தனம் நடத்தினாள். வெளியூருக்கு வேலைக்குப் போன மனிதர் அங்கேயே இன்னொரு வீடு பார்த்துக்கொண்டார். வீடு என்றால் சும்மா இல்லை, ஆளோடு. பெரியக்கா தேடிக்கொண்டு போகவில்லை, சாபமும் விடவில்லை. பிள்ளை இல்லை. வாய்க்கால் ஓரத்து மாடி அறையில் தனியாக இருந்தாள். உறவு என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தம்பி. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். அவனுக்கு மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். வாரத்தில் ஒரு நாள் பெரியக்காவுக்கு அங்கேதான் சாப்பாடு. அந்த ஒரு நாளை வைத்துத்தான் அவள் மற்ற நாட்களை ஓட்டினாள் என்றுகூடச் சொல்லலாம்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது. வெளிநாட்டில் பரிசுமேல் பரிசு வாங்கிய படம் என்று வாசலில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். பரிசு வாங்கிய படம் என்றால் குப்பை குறைவாக இருக்கும் என்பது பெரியக்காவின் கணக்கு. அந்த மாதிரிப் படத்துக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பதில்லை.

முதல் நாள் மதியக் காட்சி. வழக்கம்போல் கதவருகே வந்து நின்றாள். திரையில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில். நாலு வயதிருக்கும், ஒரு சின்னப் பெண் கிழிந்த நார்போலக் கிடக்கிறாள். கட்டிலின் இரண்டு பக்கமும் சேறு படிந்த காலோடு அவள் அக்காவும் அண்ணனும். திடீரென்று அந்தச் சின்னது கண்ணைத் திறந்து, "கோழி முட்டை போட்டுச்சா?" என்று கேட்கிறது. தியேட்டரே குபீரென்று சிரித்தது. விளக்கு எரிந்தது. கூட்டம் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வெளியே போனது. பெரியக்கா துடைப்பத்தைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். "என்னக்கா, காலு மரத்துப் போச்சா?" என்று கூட வேலை செய்கிறவள் தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

அடுத்த விடுமுறை நாளில், டார்ச் அடித்து இடம் காட்டும் பெரியவரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, என்னை ஓரமா எங்கயாவது உக்கார வைங்க. முதல்ல இருந்து பாக்கணும்."

"என்னம்மா இது, உனக்குமா பைத்தியம் புடிச்சிருச்சு?" என்று சிரித்துவிட்டு, பின்வரிசை மூலையில் அவளை உட்கார வைத்தார்.

படத்தில் ஒரு அம்மா. செங்கல் சூளையில் வேலை. மூன்று பிள்ளைகள், தகரக் கூரை போட்ட ஒரே அறை. அவ்வளவுதான். ஆனால் அதற்குள் என்ன கூத்து! பக்கத்து வீட்டுக்காரியின் கோழி தினமும் சுவரேறி வந்து இவர்கள் கட்டிலடியில் முட்டை போட்டுவிட்டுப் போகிறது. முட்டை கோழிக்காரிக்கா, கட்டில்காரிக்கா என்று குழாயடியில் இரண்டு பேரும் குடத்தை ஓங்கிக்கொண்டு பேசும் பேச்சில் பெரியக்காவுக்கு வயிறு வலித்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமலே சிரித்தாள். முன்வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார். பிள்ளைகள் தூங்கியதும் அந்த அம்மா ரேடியோவை மெல்ல வைத்து, செங்கல் தூள் படிந்த உடம்போடு தனியாக ஆடுகிறாள். கடைசிப் பிள்ளை போர்வைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் அதைப் பார்க்கிறது. பெரியக்கா அந்த இடத்தில் கையைத் தட்டிவிட்டாள்.

பிறகு மழை வருகிறது. சின்னதுக்குக் காய்ச்சல். அம்மா சூளையில் இருக்கிறாள். மூத்தவை இரண்டும் அதைச் செங்கல் வண்டியில் படுக்க வைத்து, சாக்கடையும் மழைத்தண்ணீரும் ஒன்றாக ஓடும் தெருவில் ஊருக்குக் குறுக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. பெரியக்காவின் இரண்டு கையும் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டன. முடிவு தெரிந்ததுதான். இருந்தாலும் அந்தச் சின்னது கண்ணைத் திறக்கும்வரை அவளுக்கு மூச்சே வரவில்லை.

இதற்குக் காரணம் இருந்தது. பெரியக்காவின் வீட்டிலும் ஒருகாலத்தில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். அம்மா ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினாள். பிள்ளைகளைப் பெரிசு, நடு, பொடிசு என்றுதான் கூப்பிடுவாள். மதியம் தாண்டினால் மூன்றும் அந்த ஹோட்டலின் பின்வாசலில் போய் நிற்கும். சமையல்காரர் மனம் வைத்தால் ஏதாவது கிடைக்கும். கிடைக்காத நாளில் பொடிசு அந்தச் சமையல்காரரைப் போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு, சட்டுவத்தை வீசி வீசி நடந்து காட்டுவாள். பசியோடு உருண்டு புரண்டு சிரிப்பார்கள். ஒரு மழைக்காலத்தில் பொடிசுக்குக் காய்ச்சல் கண்டது. அம்மா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நடு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பெரிசு ஒரு பிளாஸ்டிக் தாளை இரண்டு பேர் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது, அங்கிருந்த நர்ஸ் பொடிசின் கையைத் தொட்டுப் பார்த்தாள். "வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா சாகும்வரை எடுக்கவில்லை. தம்பி தொழில் கற்றான், கடை போட்டான், குடும்பஸ்தன் ஆனான். அவன் மனைவிக்கும் மகளுக்கும் தெரிந்ததெல்லாம் அக்காவும் தம்பியுமாக இரண்டே பேர் பிறந்தார்கள் என்பதுதான். பெரியக்காவும் மூச்சு விட்டதில்லை.

இப்போது அந்தத் திரையில் ஒரு பொடிசு பிழைத்துக்கொண்டது. கண்ணைத் திறந்து கோழியைப் பற்றி விசாரித்தது. பெரியக்காவுக்கு அது போதும். அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் சற்று முன்னதாகவே கதவருகே வந்து நின்றுவிடுவாள். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பெருக்கினால் வேலை ஓடுவதே தெரியவில்லை.

ஆனால் வெளியே வேறு காற்று அடித்தது. பத்திரிகைகளில் எழுதினார்கள், தொலைக்காட்சியில் வரிசையாக உட்கார்ந்து கத்தினார்கள். நம் அழுக்கைப் படம் பிடித்து வெளிநாட்டுக்காரனிடம் காட்டிக் கைதட்டு வாங்குகிறார்கள் என்றது ஒரு கட்சி. இருப்பதைத்தானே காட்டினார்கள், கண்ணாடி மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம் என்றது இன்னொரு கட்சி. வாய்க்கால் ஓரத்துக்காரர்களுக்கு இதில் நேரடியாகவே அடி விழுந்தது. படத்தில் வந்த தெரு அவர்களுடையது இல்லை; ஆனால் பார்த்தால் அவர்களுடையதைப் போலவே இருந்தது. தம்பி மகளைப் பள்ளிக்கூடத்தில் "கோழிமுட்டை" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் இரண்டு நாள் அழுதுவிட்டு, மூன்றாம் நாள் பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்று சுருண்டு படுத்துக்கொண்டது. தம்பி அந்தப் பகுதிச் சங்கத்துக்குச் செயலாளர். சும்மா இருப்பானா? ஆட்களைத் திரட்டிக்கொண்டு தியேட்டர் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டான். "எங்கள் வாழ்க்கை உங்கள் வேடிக்கையா?" என்று அட்டையில் எழுதியிருந்தது. பெரியக்கா தியேட்டர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். வெயிலில் தம்பியின் வழுக்கை பளபளத்தது. தொப்பியாவது போட்டுக்கொண்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது.

அன்று வேலை முடிந்து, கூட்டம் கண்ணில் படாமல் பக்கத்துக் கேட் வழியாக வெளியே வந்தாள். அங்கேயும் ஒரு பெண் மைக்கோடு நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஒருவன் கேமராவைத் தோளில் வைத்திருந்தான்.

"அம்மா, நீங்க இங்க வேலை பாக்கறீங்களா? இந்தப் படம் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உங்களை மாதிரி ஏழைங்களைக் கேலி பண்றாங்கன்னு சொல்றாங்களே, உங்களுக்குக் கோபம் வரலையா?"

"கோபமா? இல்லம்மா. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. அந்தப் பாப்பாவை எனக்கு ரொம்பப் புடிக்கும்."

அடுத்த நாள் அதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். பாப்பாவைப் பிடிக்கும் என்றதை வெட்டிவிட்டார்கள். வயிறு வலிச்சுப் போச்சு என்றது மட்டும் இருந்தது. அதை ஒட்டியே தம்பி அட்டையோடு உட்கார்ந்திருக்கும் காட்சி.

பெரியக்கா அவன் கடைக்குப் போனபோது அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே பேசினான்.

"ஊரே காறித் துப்புது. நீ வயிறு வலிக்கச் சிரிச்சேன்னு டிவில நின்னு சொல்ற."

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். நீ படத்தைப் பாத்தியா?"

"பாக்கறதுக்கு அதுல என்ன இருக்கு? அந்தச் சாக்கடையை நான் துட்டு குடுத்து வேற பாக்கணுமா? நான் அதுல நடந்தவன். எம் பொண்ணு அழுதுகிட்டுப் படுத்திருக்கா, தெரியுமா உனக்கு?"

"தெரியும்டா. அது தப்புதான். ஆனா அந்தப் படம் அழுகையை மட்டும் காட்டல. அதுல எல்லாரும் சிரிக்கறாங்க. நாம சிரிக்கலையா? பொடிசு அந்தச் சமையக்காரர் மாதிரி நடந்து காட்டுவாளே, நீ தரையில விழுந்து..."

கம்பி நின்றது. தம்பியின் முகம் செத்துப்போயிற்று. மோட்டாரை வாங்க வந்து நின்ற ஆள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பேரை எடுக்காத," என்றான். குரல் உயரவே இல்லை. "இனிமே நீ வீட்டுக்கு வர வேணாம்க்கா."

அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள். அந்த வாரமும் அடுத்த வாரமும் சாப்பாட்டு நாள் வந்தது. தன் அறையிலேயே எதையோ ஆக்கி, பாதியைக் கொட்டினாள்.

படமும் நீடிக்கவில்லை. ஒரு மதியம் யாரோ எறிந்த கல்லில் முன்பக்கக் கண்ணாடி உடைந்தது. தம்பி அப்போது அங்கே இல்லை, அது அவன் வேலையும் இல்லை. ஆனால் மேனேஜருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மாலைக் காட்சியை நிறுத்தி, சுவரொட்டியைக் கிழித்துவிட்டு, அடிதடிப் படம் ஒன்றை வரவழைத்தார். வாசலில் சிதறிய கண்ணாடியைப் பெரியக்காதான் கூட்டி அள்ளினாள். கிழித்துப் போட்ட சுவரொட்டியும் அவள் பைக்குள்தான் வந்தது. அதில் அந்தச் சின்னப் பெண்ணின் பாதி முகம் இருந்தது. எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். பிறகு, வேண்டாம் என்று பையைக் கட்டிப் போட்டுவிட்டாள். அடுத்த நாள் கதவருகே போய் நின்றபோது திரையில் யாரோ யாரையோ மாடியிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது முறையும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பதுபோல இருந்தது அவளுக்கு.

சில வாரம் கழித்து ஒரு விடுமுறை மதியம், மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி. கதவு திறந்தே இருந்தும் வெளியே நின்றான்.

"உள்ள வாடா."

வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். மகள் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள் என்றான். மோட்டார் வேலை முன்னைப்போல் இல்லை என்றான். அவள் உம் கொட்டிக்கொண்டிருந்தாள். இதற்காக அவன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"அந்தப் படத்துல," என்று ஆரம்பித்து நிறுத்தினான். "சின்னது ஒண்ணு வருமாமே. வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போவாங்களாமே."

"ஆமா."

"கடைசில அது என்ன ஆகுது?"

இவ்வளவு நாள் வாசலில் உட்கார்ந்து கத்தியவனிடம் இதைச் சொல்ல ஒருத்தரும் இல்லாமல் போனார்களே என்று நினைத்தாள். அல்லது, யாரிடமும் இவனால் கேட்க முடியவில்லை.

"பிழைச்சுக்குது," என்றாள். "கண்ணைத் திறந்து, கோழி முட்டை போட்டுச்சான்னு கேக்குது."

தம்பி சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப பொய்யாத்தான் எடுத்திருக்கான்," என்றான் கடைசியில். "ரொம்ப மோசமா காட்டிட்டான்னு நான் சண்டை போட்டேன். அவன் நல்லாக் காட்டியிருக்கான்."

"அந்தப் பொய்க்காகத்தான்டா நான் தினம் போய் நின்னேன்."

டம்ளரைக் கீழே வைத்தான்.

"அக்கா, பாலம் ஏறும்போதே எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"தோள்ல கனம் மாறிடுச்சு. அதுவரைக்கும் என் சட்டையைப் புடிச்சுக்கிட்டு இருந்தா. பாலம் ஏறும்போது விட்டுட்டா. நீ பக்கத்துல தாளைப் புடிச்சுக்கிட்டு, இதோ வந்துடுச்சு இதோ வந்துடுச்சுன்னு அவகிட்ட பேசிக்கிட்டே வந்த. நான் எப்படிச் சொல்லுவேன்? நின்னா நீ கேப்பியேன்னு நடந்துக்கிட்டே இருந்தேன்."

அந்தப் பாலத்தை அவள் மனதில் எத்தனையோ தடவை கடந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதில் மூன்று பேர் இருந்தார்கள். தம்பி மட்டும் அந்த வயதிலேயே, இரண்டு பேராக அதைக் கடந்திருக்கிறான். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்தாள். அவன் அழவில்லை. "சாப்பிட வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அவள் மறுபடி போகத் தொடங்கினாள். அந்தப் பேச்சு மட்டும் திரும்ப வரவில்லை. அப்படியே போய்விடும் என்றுதான் நினைத்தாள்.

சில மாதம் கழித்து, அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். சர்ச்சையெல்லாம் அடங்கி, மக்கள் வேறு எதற்கோ கோபப்படத் தொடங்கியிருந்த நேரம். பெரியக்காவுக்கு அன்று வேலை. மறுநாள் தம்பி மகள் தனியாக மாடி ஏறி வந்தாள். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"அத்தை, உங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்களா?"

பெரியக்கா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "யாரு சொன்னா?"

"அப்பாதான். நேத்து அந்தப் படத்தை அப்பாவே போட்டாங்க. அம்மாவும் நானும் வேணாம்னுகூடச் சொன்னோம். அப்பா பேசாம பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த வண்டி வந்ததும் எழுந்து வெளிய போயிட்டாங்க. அப்புறம் வந்து எல்லாத்தையும் சொன்னாங்க. என்னைக் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க, கீழ வண்டியை நிறுத்திட்டு வராங்க." பெண் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "அத்தை, அவங்க எப்படி இருப்பாங்க? போட்டோ ஒண்ணும் இல்லையா?"

"போட்டோவா? எங்களை யாரும்மா போட்டோ புடிச்சா?" பெரியக்கா சிரித்தாள். மனம் லேசாகிவிட்டது. இத்தனை வருடத்தில் முதல்முதலாக ஒருத்தி அவளிடம் பொடிசைப் பற்றி விசாரிக்கிறாள். "நான் சொல்றேன் கேளு. வாய் ஓயவே ஓயாது. வாயில எதையாவது போட்டாத்தான் நிறுத்துவா. சுருட்டை முடி. சிரிச்சா இந்தக் கன்னத்துல..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். சுருட்டை முடி பொடிசுக்கா? கன்னத்தில் குழி விழுந்தது பொடிசுக்கா? கண்ணை மூடிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்த பெண்தான் வந்தாள். ஹோட்டல் பின்வாசலில் போய்த் தேடினாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கும் உடம்பு பொடிசுடையது. மேலே இருந்த முகம் அந்தப் பெண்ணுடையது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாள். நர்ஸ் கையைத் தொட்டுப் பார்க்கும்போதும் அதே முகம்தான். அத்தனை காட்சிக்கும் ஓடி ஓடிப் போய் நின்றதில், எப்போது என்றே தெரியாமல், இந்த முகம் வந்து அந்த முகத்தின் இடத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தது.

"அத்தை? என்ன ஆச்சு?"

"தெரியலம்மா," என்றாள். "எனக்கு அவ முகம் தெரியல. எங்க போச்சுன்னே தெரியல."

தம்பி வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று இருவரும் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"சுருட்டை முடி இல்லக்கா," என்றான். "கோரை முடி. சீவினா நிக்காது, முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். அம்மா தண்ணி தொட்டுத் தொட்டுப் படிய வைப்பாங்க."

பெரியக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பேரையே எடுக்காதே என்றவன்.

"இன்னும் சொல்லுடா."

"மேல முன்பல்லு ஒண்ணு பாதி உடைஞ்சிருக்கும், படியில விழுந்தா இல்ல? இடது காது மடல் கொஞ்சம் மடங்கியிருக்கும். தூக்கித் தோள்ல போட்டா அதுதான் என் கன்னத்துல உரசும். அன்னிக்குக் கொதிச்சுது."

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் நிறுத்தவில்லை. புருவம், முழங்காலில் இருந்த தழும்பு, தூங்கும்போது பாதி திறந்திருக்கும் கண் என்று சொல்லிக்கொண்டே போனான். பெரியக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவன் சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தாள். கோரை முடி வந்தது. காது வந்தது. உடைந்த பல்லும் வந்தது. முகம் மட்டும் வரவில்லை.